பின்சீட்டில் எட்டு சார்

ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் சேர்ந்த இரட்டை நகரத்தில் சாலை விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவரிடம் டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்த மற்ற எல்லோரும் எப்படி ஓட்டினோம் என்பதை, பேகம்பேட்டை ரோட்டில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காதில் செல்போன், முழங்கையில் ஹெல்மெட், பின்னால் இரண்டு பேர். இந்த அழகில் 'ராங் ரூட்'டில் எதிரே வந்துகொண்டு, சரியாகப் போகிறவனைப் பார்த்து முறைப்பு வேறு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவரை எட்டு சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டு அடிப்பவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். 2004 வாக்கில் பேகம்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. அவர் ஏதோ அரசாங்கத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு எங்களிடம் 'குவாலிட்டி' பார்க்க வந்தவர். அந்த நாளில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு தரச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியாக வேண்டும். நாங்கள் புரோகிராம் எழுதுவோம். எழுதிவிட்டதாகப் படிவத்தில் எழுதினோமா என்று அவர் பார்ப்பார். புரோகிராம் ஓடுகிறதா என்பது அவர் இலாகா இல்லை.

பெயருக்குக் காரணம், டூவீலர் லைசென்ஸுக்குப் போடுகிற எட்டு. காலேஜ் பையன்கள் ஒரு கையை விட்டுக்கொண்டு போடுகிற அந்த எட்டை, ஐம்பத்திரண்டு வயதான இந்த மனிதர் ஆறு தடவை போட்டு ஆறு தடவையும் தோற்றிருந்தார். ஏன் என்று கேட்டால், "அந்த இன்ஸ்பெக்டருக்கு ரூல்ஸ் தெரியல பா" என்பார். ஏஜென்ட்டிடம் போனால் எல்லாம் சுலபமாக முடியும் என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்குச் சொன்னவருடைய படிவத்தில் நான்கு குற்றம் அதிகமாக இருக்கும். காலாவதியான எல்.எல்.ஆர்.களையெல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அது ஓடுவதில்லை. ஓடாத அந்த வண்டிக்கு வருடா வருடம் இன்ஷூரன்ஸ், மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ், ஆறு மாதத்துக்கு ஒரு புகைச் சான்றிதழ். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பதால் எல்லா இடத்துக்கும் தள்ளிக்கொண்டே போவார். திருமுல்கேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். தலையில் ஹெல்மெட், வாரில் இறுக்கிய தாடை, சாலையின் இடது ஓரமாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறார். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். பக்கத்தில் நடந்து வந்த எருமைகள் நிற்காமல் போயின.

இந்த மனிதர் என் வண்டியில் எப்படி ஏறினார் என்றால், அது என் முட்டாள்தனம். நான் அப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, திருமுல்கேரி பஸ் ஸ்டாப்பில் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பாவம், வண்டி பஞ்சர் போலிருக்கிறது என்று நிறுத்தினேன். கிட்டே போனால் எங்கள் குவாலிட்டி.

"வண்டி எங்க சார்?"

"வண்டி வீட்ல இருக்கு. யாராவது லிஃப்ட் தந்தா தலைக்கு வேணுமே, அதனால தினமும் போட்டுட்டுத்தான் வருவேன். உன் பிளட் குரூப் என்ன?"

"எதுக்கு சார்?"

"சொல்லு பா. ஏறணுமா நக்கோவா?" அவர் தமிழில் ஹைதராபாத் உருது எட்டிப் பார்க்கும்; 'நக்கோ' என்றால் வேண்டாம்.

பி பாசிட்டிவ் என்றேன். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றார். பெனிசிலின் என்றேன். ஊரில் அப்பா வீட்டுக்கு போன் இருக்கிறதா என்றார். திண்டுக்கல் நம்பரை எஸ்.டி.டி. கோடோடு சொன்னேன். பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுத் தாள் எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். படிவம் நிரப்பாமல் இந்த ஆளுக்கு ஒரு வண்டியில்கூட ஏறத் தெரியாது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு ஏறியவர் ஒன்றரை வருடம் இறங்கவில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்தவர் சும்மா வருவார் என்று நினைத்திருந்தேன். என் வண்டியில் இண்டிகேட்டர் பல்பு போய்ப் பல மாதமாகியிருந்தது. பக்கக் கண்ணாடிகளை நானே ஸ்டைலுக்காகக் கழற்றி வைத்திருந்தேன். ஆகவே அவரே இண்டிகேட்டர், அவரே கண்ணாடி. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஐம்பது அடிக்கு முன்பே வலது கையை விறைப்பாக நீட்டிவிடுவார். இடது பக்கம் என்றால் அதே கையை வட்டமாகச் சுழற்றுவார். வேகம் குறைகிறது என்றால் உள்ளங்கையைக் கீழே பார்த்து மேலும் கீழும் அசைப்பார். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் படம் போட்டு இருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை அவரைத் தவிர வேறு யாரும் வாங்கவில்லை என்பதுதான் சிக்கல்.

கார்கானா பக்கம் அவர் வேகம் குறைகிறது என்று கையை அசைத்தால் பின்னால் வருகிற ஷேர் ஆட்டோ நின்றுவிடும். "எக்கடிகி சார்?" எங்கே போகணும் என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்பான். ஒரு தடவை வலது பக்கம் நீட்டிய கையை, டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எட்டு சார் கோபப்படவில்லை. "பாரு, படியில தொங்கறான். விதிமீறல்" என்றார்.

என் முதுகுக்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். மூன்று தட்டு என்றால், "ஸ்ட்ராப்பை மாட்டு." என் ஹெல்மெட் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல்தான் சவாரி செய்யும். போலீஸ்காரர் தென்பட்டால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். எட்டு சார் ஏறிய பிறகு தலையிலேயே இருந்தது. ஆனால் ஸ்ட்ராப் மட்டும் மாட்ட மாட்டேன். அது என் சுதந்திரப் போராட்டம். திருமுல்கேரியிலிருந்து பேகம்பேட்டை வரை மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே வருவார், நான் மாட்டாமலேயே போவேன்.

ஒரு நாள் அவரை ஏற்றுவதற்கு முன்பே, அவர் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே போலீஸ்காரர் என்னைப் பிடித்துவிட்டார். ஹெல்மெட் டேங்கில் இருந்தது. முதுகு வலி, டாக்டர் தலைக்குப் பாரம் வைக்கக்கூடாது என்றார் என்று அளந்தேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார் போலும், "சரே, வெள்ளு" என்று போகச் சொன்னார். அதற்குள் எட்டு சார் நடந்து வந்து சேர்ந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தார்: இவன் கோட்டையும் தாண்டித்தான் நிறுத்தினான், பக்கக் கண்ணாடியும் இல்லை, இண்டிகேட்டரும் எரியாது, முதுகு வலி என்பது பொய். போலீஸ்காரர் வேறு வழியில்லாமல் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். ரசீதில் குற்றத்தின் பிரிவு எண் தப்பாக இருக்கிறது என்று எட்டு சார் அதையும் திருத்த வைத்தார். திருத்தி முடிந்ததும் என் பின்னால் ஏறிக்கொண்டு, "ஹவ், போலாம்" என்றார்.

அவரை இறக்கிவிட எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்லவில்லையே. ரேவதி என்று ஒரு பெண் எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். மாரெட்பள்ளிக்காரி. தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருவாள். என் வழியில் சற்றே வளைந்தால் மாரெட்பள்ளி. லிஃப்ட் தரட்டுமா என்று கேட்க நான் மூன்று மாதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டு என்ன பயன்? மாலை ஆறு மணி அடித்தால் என் பின்சீட்டில் ஹெல்மெட்டோடு ஒரு குவாலிட்டி உட்கார்ந்திருக்கிறதே. என் எதிர்காலமே அந்த ஒன்றரை அடி ரெக்ஸின் மேல் இருந்தது, அதன் மேல் இவர் இருந்தார்.

இந்த ஆளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தால்தான் என் சீட் காலியாகும் என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு பெரிய எட்டு போட்டேன். அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பேகம்பேட்டை வரைக்கும் வந்தார். பார்க்கிங் தனியார் இடம் என்பதால் அங்கே மட்டும் ஓட்டச் சம்மதித்தார்.

நன்றாகத்தான் ஓட்டினார். முதல் வளைவு கோடு மேலேயே போனது. எட்டின் நடுவுக்கு வந்தார். பிரேக் போட்டார். காலைத் தரையில் ஊன்றினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

"சார், கால் ஊனினா ஃபெயில் சார்!"

"கிராஸ் ரோடுல நிக்காம போனா பாஸா?"

"எது சார் கிராஸ் ரோடு?"

அவர் இறங்கி வந்து எட்டின் நடுப்புள்ளியைக் காலால் தொட்டுக் காட்டினார். "இந்த ரோடு அந்த ரோடை வெட்டுதா இல்லையா? சிக்னல் இல்லாத சந்திப்புல வலது பக்கம் வர்ற வண்டிக்கு வழி விடணும்."

"யாரு சார் வருவா? மைதானத்துல நீங்க மட்டும்தான் சார்! வந்தா நீங்களேதான் வரணும்!"

"யாரும் வரலன்னு நின்னு பார்த்தாத்தானே பா தெரியும்?"

ஆறு தடவை தோற்றதன் ரகசியம் இதுதான். தனக்கே வழிவிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் கத்திப் பார்த்தேன். பரீட்சை வேறு, ரோடு வேறு என்றேன். அப்படியானால் பரீட்சை எதற்கு என்று கேட்டார். சுண்ணாம்புக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது தூரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மேம்பாலத்தின் தூண்கள் கண்ணில் பட்டன.

"சார், இது கிராஸ் ரோடே இல்ல. ஃப்ளைஓவர். ஒரு ரோடு மேல போகுது, இன்னொன்னு கீழ போகுது. ரெண்டும் தொடாது."

எட்டு சார் எட்டைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"ஒசரம்?"

"பதினெட்டு அடி சார்."

"ஃப்ளைஓவர் மேல வண்டியை நிறுத்தக்கூடாது" என்றார் யோசனையாக. "சட்டப்படி தப்பு."

"அதான் சார். நிறுத்துனாத்தான் தப்பு."

அடுத்த வாரம் ஏழாவது டெஸ்ட். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். மைதானத்தில் பழக்கப்பட்டவர்கள் அவரைப் பார்த்ததும் வேடிக்கைக்குக் கூடிவிட்டார்கள். எட்டு சார் கிளம்பினார். வளைவு, நடு, நிற்கவில்லை! பாலத்தில் ஏறுகிறவர்போல ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிக்கூடக் கொடுத்தார். அடுத்த வளைவு. மறுபடி நடுப்புள்ளிக்கு வந்தபோது, பாலத்துக்கு அடியில் போகிறவர் தலையை லேசாகக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார். நான் தெரியாத ஒரு பையனைக் கட்டிப்பிடித்தேன். ரேவதியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அன்று மாலையே கண்ணாடி முன் நின்று கடைசியாக ஒரு தடவை பழகிக்கொண்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் காலை, திருமுல்கேரி பஸ் ஸ்டாப்பில் எட்டு சார் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று நினைத்தேன். கையை நீட்டி, விதிப்படி, மேலும் கீழும் அசைத்தார்.

"சார், அதான் லைசென்ஸ் வந்துடுச்சே! உங்க ஸ்கூட்டர்?"

"வீட்ல இருக்கு."

"அப்ப லைசென்ஸ் எதுக்கு சார் வாங்குனீங்க?"

"அரே, ஒன்றரை வருஷமா லைசென்ஸ் இல்லாம உனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திட்டிருந்தேன். மனசு உறுத்திட்டே இருந்தது பா. இனிமே தைரியமா சொல்லலாம்" என்று ஏறி உட்கார்ந்துகொண்டு தோளில் மூன்று தட்டுத் தட்டினார்.

எனக்கு அழுகை வராத குறை. உள்ளதும் போச்சுடா என்று கார்கானா வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இந்த மனிதர் ரிட்டயராகும் வரை, இல்லை, நான் ரிட்டயராகும் வரை என் முதுகைத் தட்டிக்கொண்டே வருவார், ரேவதிக்கு அதற்குள் பேரன் பிறந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை நல்ல மழை. பேகம்பேட்டை ரோடு முழங்கால் தண்ணீரில் கிடந்தது. மழை விட்டும் பஸ் வரவில்லை. நானும் எட்டு சாரும் கேட்டைத் தாண்டும்போது ரேவதி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளே கேட்டாள்.

"முரளி, நீங்க மாரெட்பள்ளி சைடுதானே போவீங்க? ஒரு மணி நேரமா நிக்கறேன், பஸ்ஸே காணோம்."

மூன்று மாத ஒத்திகையும் மறந்துபோனது. நான் செய்தது, ஹைதராபாத்தில் அன்றைக்கு எவனும் செய்யக்கூடியதுதான். பின்னால் திரும்பி, "சார், கொஞ்சம் முன்னால நகர்ந்தா மூணு பேரும்..." என்று ஆரம்பித்தேன்.

எட்டு சார் இறங்கிவிட்டார். என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டு பேர் வண்டி. ஏறும்மா நீ."

தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பை மாட்டி, விரல் விட்டுப் பார்த்தார். "ரெண்டு விரல் போகணும், மூணு போகக்கூடாது. இவன் திரும்பறப்ப யாருக்கும் சொல்ல மாட்டான். நீ கை காட்டணும். லெஃப்ட்டுக்கு இப்படிச் சுத்தணும். ஸ்ட்ராப் மாட்ட மாட்டான், தட்டிட்டே வா."

"நீங்க எப்படி அங்கிள் போவீங்க?"

"எனக்கென்ன, லைசென்ஸ் இருக்கு. நாளையிலிருந்து என் வண்டி" என்று சொல்லிவிட்டு, பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார். அந்த ரோட்டில் நடைபாதை என்று ஒன்று இருப்பதே அவர் நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மாரெட்பள்ளி வரை ரேவதி கை காட்டிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க ஹெல்மெட்டா?"

"இல்ல, சாரோடது."

"உள்ள உங்க பேர் இருக்கே."

வாங்கித் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே வெள்ளை டேப் ஒட்டி, படிவம் நிரப்புகிற அந்த அச்சுக் கையெழுத்தில் எழுதியிருந்தார். முரளி. பி பாசிட்டிவ். பெனிசிலின் கூடாது. திண்டுக்கல் அப்பாவின் போன் நம்பர், எஸ்.டி.டி. கோடோடு. வேர்வையில் அழியாமலிருக்க மேலே செலோடேப் ஒட்டியிருந்தார். அவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நாங்கள் இரண்டு பேரும் விழுந்தால், பேச முடியாமல் கிடக்கப்போவது நான்தான் என்று அந்த மனிதர் முதல் நாளே முடிவு செய்திருக்கிறார். ஒன்றரை வருடமாக என்னைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். நான் அவரைப் பற்றி ஒரு நாளும் ஒன்றுமே கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"சார், உங்க பிளட் குரூப் என்ன?"

"கைக்கு, எதுக்கு பா? எங்க விழுந்து கிடக்கறே?"

"விழல சார். ரேவதி வீட்டு வாசல்ல நிக்கறேன். சும்மா சொல்லுங்க."

"ஏபி நெகட்டிவ். லேசுல கிடைக்காது. எழுதி என்ன பிரயோஜனம்னு விட்டுட்டேன். உன்னோடது எங்கயும் கிடைக்கும் பா."

உடனே அவர், "இந்நேரம் போன்ல பேசறியே, வண்டி நிக்குதா, ஓடுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஏ.எஸ்.ராவ் நகர் வரை ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு போனேன். தட்ட யாருமில்லை.

மறுநாளிலிருந்து அவர் தன் ஸ்கூட்டரில், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில், பின்னால் வருகிற அத்தனை பேரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு ஆபீஸ் வந்தார். நானும் பின்னால் மாட்டிக்கொண்டு எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். என் பின்சீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. இப்போது ஓய்வாக வீட்டில் இருக்கிறார். போனில் கூப்பிட்டால் முதலில், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று ஹெல்மெட் மாற்றிவிட்டேன். புதிது வாங்கியதும் உள்ளே வெள்ளை டேப் ஒட்டி எழுதுவது நான்தான். இரண்டாவது வரியில்தான் என் மனைவி ரேவதியின் பெயர். முதல் வரி ஏபி நெகட்டிவ். எட்டு சார் என் வண்டியிலிருந்து இறங்கி ஏழு வருடமாகிறது.